க்ளோசிங் நாளில் சரக்கு வாங்காதீர்கள்: நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதக் கடைசி நாள், ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு போன். என் டீமில் சேர்ந்து ஏழு மாதமான பெண், மும்பை ஆண்டாப் ஹில்லில் இருக்கிறாள். "அக்கா, 310 பாயின்ட்தான் குறையுது, போட்டுடவா?" என்றாள். எங்கள் தொழிலில் வாங்கும் சரக்குக்குப் பாயின்ட் உண்டு, பாயின்ட் ஏறினால் கமிஷன் லெவல் ஏறும், மாதக் கடைசியில் கணக்கை மூடுவார்கள், அதுதான் க்ளோசிங். போடுவது என்றால், தன் கைக்காசில் சரக்கு வாங்கி லெவலை எட்டிவிடுவது. சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினேன். கடைசியில் "சரிக்கா, வேண்டாம்" என்றாள். காலையில் ஆப்பைத் திறந்து பார்த்தால் போட்டிருக்கிறாள்.

அந்த எரிச்சலில் எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் விற்பதற்கும் எனக்குக் கீழே சேர்ந்தவர்கள் விற்பதற்கும் கமிஷன் வருகிற இந்தத் தொழிலுக்கு 2014-ல் வந்தேன். சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், ப்ரோட்டீன் பவுடர், முகத்துக்குப் பூசும் க்ரீம் என்று சயான் கோலிவாடாவிலிருந்து முலுண்டு வரைக்கும் லோக்கல் ரயிலில் பை தூக்கிக்கொண்டு போய் விற்கிறேன். பெரிய ஆளெல்லாம் இல்லை. ஆனால் மாதம் முடிந்தால் கையில் காசு நிற்கிறது, அது நிற்க ஆரம்பிக்கவே நாலு வருடத்துக்கு மேல் ஆனது. காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், பாசிட்டிவாக இருங்கள், கோட் போடுங்கள் என்கிற சமாச்சாரமெல்லாம் உங்கள் சீனியர்கள் ஏற்கனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஆள் சேர்த்தால்தான் காசு, பொருள் சும்மா பேருக்கு என்று இருந்தால் அது தவறு என்ற கணக்கிலேயே வராது, குற்றம். பணச் சுழற்சித் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் இப்படி ஆள்மேல் ஆள் சேர்த்து ஓட்டும் பிரமிட் திட்டம் கூடாது என்கின்றன, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. 'சேர்க்கைக் கட்டணம்', 'டெமோ கிட்டுக்குக் காசு' என்று யாராவது ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கீழே எழுதுவதெல்லாம் உண்மையிலேயே பொருள் விற்கிற கம்பெனியில் இருப்பவர்களுக்கு மட்டும்.

காபி குடிக்க வா என்று கூப்பிட்டு பிளான் காட்டுவது

நானும் செய்திருக்கிறேன். தாராவியில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள், பதினைந்து வருடம் கழித்து ஃபேஸ்புக்கில் கிடைத்தாள். மாட்டுங்காவில் ஒரு உடுப்பி ஹோட்டலுக்குக் கூப்பிட்டேன். பழைய கதை பேசப்போகிறோம் என்று பாவம், மல்லிகைப் பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். இட்லி வருவதற்குள் என் அப்லைன், அதாவது டீமில் எனக்கு மேலே இருக்கும் சீனியர், பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேப்பரில் வட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இட்லிக்குக் காசு அவள்தான் கொடுத்தாள்.

இதில் நாகரிகம் மட்டும் போகவில்லை. 2021 விதிப்படி, பேச்சை ஆரம்பிக்கும்போதே நீங்கள் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காகப் பேசுகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்காமலே சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டியே நேரம் கேட்டிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். மறைத்துக் கூப்பிட்டு ஆள் சேர்ப்பது சீனியர்கள் சொல்லிக்கொடுக்கிற தந்திரமாக இருக்கலாம், மாட்டினால் பதில் சொல்லப்போவது நீங்கள். இப்போது நான் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: "பாத்திரம் கழுவுற லிக்விட் விக்கிறேன், பத்து நிமிஷம் ஆகும், வரலாமா?" பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். மீதிப் பாதி வாங்குகிறார்கள்.

போர்டில் ஆறு ஆறாகப் பெருக்குவது

நீங்கள் ஆறு பேரைச் சேர்க்கிறீர்கள், அந்த ஆறு பேர் ஆளுக்கு ஆறு, முப்பத்தாறு. போர்டில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நானும் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தவள்தான். என் மகன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான், நோட்டை வாங்கி முழுசாகப் பெருக்கிக் காட்டினான். ஒன்பதாவது வரிசையில் மட்டும் 1,00,77,696 பேர். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 1,20,93,234. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி மும்பை மாநகரத்தில் இருந்தவர்களே சுமார் 1 கோடியே 24 லட்சம்தான். கைக்குழந்தை, கொலாபா பங்களாக்காரர், சயான் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் எல்லோரும் உங்கள் டவுன்லைனாக, அதாவது உங்களுக்குக் கீழே சேர்ந்தவர்களாக, இருந்தால்தான் அந்தப் போர்டுக் கணக்கு நடக்கும். அப்புறம் பொருளை யாரிடம் விற்பீர்கள்?

க்ளோசிங் நாளில் கைக்காசு போட்டு லெவல் பிடிப்பது

இதற்குத்தான் வந்தேன்.

2018 மார்ச் கடைசி நாள். வருடக் கடைசியும் மாதக் கடைசியும் ஒன்றாக வரும் நாள், எல்லா அப்லைனும் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பிளானில் குரூப் பாயின்ட், அதாவது நானும் என் டீமும் அந்த மாதம் சேர்த்த பாயின்ட், 2,000 தாண்டினால் கமிஷன் 12 சதவீதம், 3,500 தாண்டினால் 15. நான் 2,640-ல் நின்றேன். இன்னும் 860 வேண்டும். ஒரு பாயின்டுக்கு 70 ரூபாய்ச் சரக்கு என்றால் 60,200 ரூபாய்.

என் அப்லைன் சொன்னார்: "இது செலவே இல்ல சிஸ்டர், இன்வெஸ்ட்மென்ட். சரக்கு உங்க வீட்டுலதானே இருக்கப்போகுது, எங்க போயிடும்?" உண்மைதான், அது எங்கேயும் போகவில்லை.

அப்போது நான் 20 பேர் சேர்ந்த ஒரு பிஷியில் இருந்தேன், நம் ஊர் ஏலச்சீட்டுதான், ஆளுக்கு மாதம் 3,000. அந்த மாத ஏலத்தில் 9,000 தள்ளி எடுத்தேன், கைக்கு 51,000 வந்தது. பாக்கி 9,200 மகனின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த காசு. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஆர்டர் போட்டேன். கை நடுங்கியது, ஆனால் சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் டெம்போ வந்தது. ப்ரோட்டீன் டின் பதினாறு, லிக்விட் மூன்று பெட்டி, க்ரீம் ஒரு பெட்டி. அப்போது நாங்கள் இருந்த கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பதினைந்து அடி, அதில் நாலு பேர். மாலாவில், அதாவது ஊர்ப்பக்கம் பரண் என்போமே அதில், இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டு டின்களை ஏற்றினோம். லிக்விட் பெட்டிகளுக்கு இடமில்லை, மாமியார் படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் வைத்தோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது பெட்டியில் கை இடிக்கும், அப்போது மட்டும் "முருகா" என்பார்.

மேடை ஏறினேன், மறுக்கவில்லை. தானேயில் ஒரு ஹாலில் லெவலை எட்டியதற்கு பேட்ஜ் குத்தினார்கள், பட்டுப்புடவையில் போட்டோ இருக்கிறது.

கமிஷன் எவ்வளவு வந்தது? 12 சதவீதத்திலேயே நின்றிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலாக, வரி பிடித்தது போக 12,460 ரூபாய். இதை வாங்க 60,200 போட்டிருக்கிறேன். அந்த ராத்திரியில் ஒரு பேப்பரை எடுத்து இந்த இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை, 15 சதவீதம் என்ற ஒரு எண்தான் மண்டையில் ஓடியது.

அடுத்து நடந்ததுதான் புதியவர்கள் யாருக்கும் பிடிபடுவதில்லை. ஏப்ரலில் வாடிக்கைக்காரர்கள் கேட்டதையெல்லாம் மாலாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சரக்கு வீட்டில் இருக்கும்போது கம்பெனிக்கு எதற்கு ஆர்டர் போடுவேன்? ஆர்டர் இல்லை என்றால் பாயின்ட் இல்லை. அந்த மாதம் குரூப் பாயின்ட் 1,900-ல் நின்றுவிட்டது, 12 சதவீதமும் கைவிட்டுப் போனது. ஏப்ரல், மே இரண்டு மாதத்து விற்பனையையும் மார்ச்சிலேயே வாங்கி முடித்துவிட்டு, அந்த மாதங்களில் பட்டினி கிடந்தேன். இதைச் சரிக்கட்ட மே கடைசியில் மறுபடி போடச் சொன்னார் அப்லைன். அதற்கு என்னிடம் காசு இல்லாமல் போனது நல்லதாயிற்று. இருந்திருந்தால் போட்டிருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ஜூலையில் மழை. கூரை ஒழுகி மாலாவில் இருந்த அட்டைப்பெட்டி ஊறிவிட்டது, ஐந்து டின்னில் லேபிள் உரிந்துபோனது. லேபிள் இல்லாத டின்னை யார் வாங்குவார்கள்? மீதியைத் தேதி முடிவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்ற பயத்தில் 2,400 ரூபாய் டின்னை 1,600-க்குக் கொடுத்தேன். நான் வாங்கினதே 1,970. செம்பூர் சேடா நகரில் எனக்கு நல்ல வாடிக்கையாக இருந்த ஒரு மாமி, அதற்கப்புறம் மூன்று வருடம் ஒவ்வொரு முறையும் "அன்னிக்கு ஆயிரத்தறுநூறுக்குத் தந்தியேம்மா" என்று ஆரம்பிப்பார். ஒரு தடவை விலையை உடைத்தால் அந்த வீட்டில் அதுதான் விலை.

முழுக்கணக்கு இது. போட்டது 60,200, பிஷியில் தள்ளியது 9,000, ஆக 69,200. திரும்பி வந்தது கமிஷன் 12,460, சரக்கு விற்று 31,000, ஆக 43,460. நஷ்டம் 25,740 ரூபாய். அந்த பேட்ஜ் வெள்ளி முலாம் பூசியது.

இதோடு போயிருந்தால் என் காசு, என் முட்டாள்தனம் என்று மறந்திருப்பேன். ஆனால் நான் மேடையில் நின்றதைப் பார்த்து என் டீமில் இருந்த இரண்டு பெண்கள் ஜூன் மாதக் கடைசியில் அதே மாதிரி போட்டார்கள். எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். 'சரக்கு எங்கே போய்விடும்' என்று என் வாயாலேயே சொன்னேன். அதில் ஒருத்தி கம்மலை அடகு வைத்திருந்தாள், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். கல்யாண வீடுகளில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இது என் ஒருத்தியின் கதையும் இல்லை, இந்தத் தொழிலோடு பிறந்த நோய். 1979-ல் அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு ஆம்வே வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அது பிரமிட் இல்லை என்று முடிவு செய்ததற்கு அந்தக் கம்பெனி வைத்திருந்த சில விதிகளையும் காரணமாகக் காட்டினார்கள். மாதம் வாங்கும் சரக்கில் குறைந்தது 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். சரக்கு வீட்டில் குவியும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நமக்கு மட்டும் ஒவ்வொரு மார்ச்சிலும் புதிதாகத் தெரிகிறது.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். ஆர்டர் போடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வாங்கப்போகிறவர் பெயரை எழுதுகிறேன். பெயர் எழுத முடியாத பொருளை வாங்குவதில்லை, டெமோவுக்கு ஒன்றிரண்டு தவிர. 3,490 பாயின்டில் நின்றாலும் அப்படியே விட்டுவிடுகிறேன். பத்து பாயின்ட் வெறும் எழுநூறு ரூபாய்தானே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எழுநூறு ரூபாய்ச் சோப்பை வீட்டிலேயே தேய்த்துத் தீர்த்துவிடலாம், போடுங்கள். ஆனால் அந்தப் பழக்கம் எழுநூறில் நிற்பதை நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு அது வேண்டாம்.

ப்ரோட்டீன் பவுடரை மருந்து என்று விற்பது

டின்னிலேயே 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று அச்சடித்திருக்கிறது. சுகர் மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன், அவரோடு பேசுவதில்லை.

உதாரி, அதாவது கடனுக்குக் கொடுப்பது

கிடையாது. அண்ணாச்சி கடையில் எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை எழுதாமல் லாபம் என்று சொல்வது

கமிஷன் வந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பார்கள். லோக்கல் பாஸ், ஆட்டோ, சாம்பிள், கொரியர், செமினார் டிக்கெட், அங்கே சாப்பாடு, வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்த கட்டிங் சாய், எதுவும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்காது. நான் முதல் மூன்று வருடம் லாபத்தில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல். பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்த அன்றைக்குத்தான் தெரிந்தது, மாதம் ஆயிரத்து சொச்சம் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

2024-ல் அதே அமெரிக்கக் கமிஷனின் அலுவலர்கள் 70 நெட்வொர்க் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருடம் 1,000 டாலரோ அதற்குக் கீழோதான். அதிலும் பல அறிக்கைகள் செலவைக் கழிக்கவே இல்லை. என் மகன் இதைப் போனில் காட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, என் பழைய நோட்டு மாதிரியே இருந்தது.

இன்றைய என் கணக்கைச் சொல்கிறேன், இதைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 41 வீடு வாடிக்கை. மாதம் 72,000 ரூபாய் அளவுக்கு விற்பேன், அதில் எனக்கு நிற்பது 18 சதவீதம், சுமார் 13,000. குரூப் கமிஷன் 9,000 வரும். செலவு 3,800. ஆக 18,000 சொச்சம். பாருங்கள், பெரிய பங்கு பை தூக்கி விற்றதிலிருந்து வருகிறது, ஆள் சேர்த்ததிலிருந்து இல்லை. இந்த 41 வீட்டில் முப்பதுக்கும் மேல் லிக்விடும் சோப்பும் மட்டுமே வாங்குகிறவர்கள். லிக்விட் தீர்ந்துகொண்டே இருக்கும், நானும் போய்க்கொண்டே இருப்பேன். எப்போது தீரும் என்று நோட்டில் தேதி குறித்து வைத்து, அதற்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்வேன். இதற்கு எந்த செமினாரும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, கமிஷனில் வரி பிடிப்பார்கள். முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 2. பான் நம்பர் கொடுக்காமல் விட்டால் 20 போய்விடும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். நான் இரண்டு வருடம் சும்மா விட்டேன்.

செமினார்

வருடத்துக்கு ஒன்று போதும். சாப்பாடு நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.

ஏற்கனவே போட்டுவிட்டவர்களுக்கு

2018-ல் என் ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் இருந்திருக்கிறது: பிரிக்காத, தேதி முடியாத சரக்கை முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏழாவது பக்கத்தில் சின்ன எழுத்தில். அதை நான் படித்தது செப்டம்பரில், லேபிள் உரிந்த டின்களோடு உட்கார்ந்திருந்தபோது. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நேரடி விற்பனை விதிகளின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரும் இருந்தாக வேண்டும். அவருக்கு எழுதுங்கள், மெயிலில். அப்லைனிடம் கேட்காதீர்கள், சரக்கு திரும்பினால் அவர் பாயின்டும் குறையும், அதனால் அவர் "கொஞ்சம் பொறுங்க, வித்துடலாம்" என்றுதான் சொல்வார். நான்தான் இப்போது ஒருத்திக்கு அப்லைன், எனக்கும் குறைந்தது.

ஆமாம், அந்த ஆண்டாப் ஹில் பெண். 21,700 ரூபாய்க்குப் பதினோரு டின் எடுத்திருந்தாள். சரக்கு வந்த அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன், கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கி மேலே துணி போட்டு மூடியிருந்தாள், புருஷனுக்குத் தெரியாதாம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மெயில் எழுதினோம். ஒன்பது டின் திரும்பிப் போய்விட்டது, பணம் வர மூன்று வாரம் ஆனது. இரண்டை ஏற்கனவே பிரித்துவிட்டாள், ருசி எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒன்று வெனிலா, ஒன்று சாக்லேட். சாக்லேட்டை நான் எடுத்துக்கொண்டேன். ஆயிரத்தறுநூறுதான் கொடுத்தேன்.